இடது கையால் கொடுத்த டப்பா

“நான் விஷம் விக்கிறேனாம்ணே,” என்றாள் புஷ்பவல்லி.

அவள் அழவில்லை. அழ வேண்டியதையெல்லாம் கிள்ளானிலேயே அழுது தீர்த்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு ரயிலேறி வந்திருந்தாள். எதிரே உட்கார்ந்திருந்த திருச்செல்வம் மேசையில் ஆறிப்போயிருந்த தே தாரேக் டீயைப் பார்த்தார். அதைக் குடிக்கவும் மனமில்லை, கொட்டவும் மனமில்லை. பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது அவருடைய துப்பறியும் அலுவலகம். இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் சொல்கிறவர்களைப் பிடித்துப் பிடித்து ஓய்வு பெற்றவர், ஓய்வு பிடிக்காமல் இதைத் தொடங்கினார். இப்போது இதுவும் பிடிக்கவில்லை. துப்பறிவது வீரதீரமான வேலை என்று நினைப்பவர்கள் அவருடைய முழங்காலைத்தான் பார்க்க வேண்டும். வீட்டுக்குத் தெரியாமல் ஊர் சுற்றும் கணவன்மார்களின் பின்னால் நடந்தே அது தேய்ந்துபோயிருந்தது.

“யாரு சொன்னது?” என்று கேட்டார்.

“காப்பார்ல சபாபதின்னு ஒருத்தர், லோரி ஓட்டுறவர். அவரு பொண்ணு வாணி என்கிட்ட முகத்துக்குப் பொடி வாங்கும். இப்போ ஆஸ்பத்திரியில கெடக்குது. முகம், கால் எல்லாம் வீங்கி, கிட்னி கெட்டுப்போச்சாம். ரத்தத்துல பாதரசம். என் டப்பாவை டெஸ்ட் பண்ணுனா அதுலயும் பாதரசம். சுகாதார இலாகா ஆளுங்க வந்து என் சரக்கையெல்லாம் சீல் வச்சிட்டுப் போயிட்டாங்க. அந்த மனுசன் வாட்ஸாப்ல என் பேரைச் சொல்லி, கொலைகாரின்னு வாய்ஸ் மெசேஜ் போட்டுட்டாரு. அது எனக்கே பத்து பேர் கிட்டேருந்து வந்திருச்சு.”

“பொடியில என்னென்ன போடுறீங்க?”

“கஸ்தூரி மஞ்சள், அதிமதுரம், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, காஞ்ச ஆரஞ்சுத் தோல். அவ்வளவுதான். எல்லாத்தையும் நானே காயவச்சு, நானே அரைச்சு, நானே சலிக்கிறேன்.”

“வெள்ளையாக்குமா ஆன்டி?” என்று மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது. திருச்செல்வத்தின் உதவியாளர் நாஜியா. வாய்க்கு ஓய்வு கொடுத்தே அறியாதவள். “ஆக்கும்னா சொல்லுங்க, எங்க ஆபீஸ் சுவருக்குப் பூசலாம். பெயின்ட் அடிச்சு யுகமாச்சு.”

புஷ்பவல்லிக்குச் சிரிப்பு வரவில்லை. “வெள்ளையாக்கும்னு நான் யார்கிட்டயும் சொன்னதே இல்லம்மா. வெயில்ல கருத்துத் திட்டுத் திட்டா இருக்குற முகம் ஒரே சீரா வரும். அதுக்கும் மாசக்கணக்குல ஆகும். அவசரமா வேணும்னு வர்றவங்களை, ‘வேற கடைக்குப் போங்க’ன்னு நானே அனுப்பிடுவேன்.”

அந்த ஒரு வாக்கியத்தில்தான் திருச்செல்வம் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். வந்த வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்புகிற வியாபாரியை அவர் இந்த ஊரில் அதிகம் பார்த்ததில்லை.

“டெஸ்டுக்கு எடுத்துட்டுப் போன டப்பாவை நீங்க பாத்தீங்களா?”

“ஆபீசர் போன்ல போட்டோ காட்டுனாரு. பொடி உதிரி உதிரியா இல்லண்ணே. புட்டு மாவுல தண்ணி தெளிச்சுப் பெசறுன மாதிரி கட்டி கட்டியா இருந்துச்சு. என் பொடி அப்படி ஆகவே ஆகாது. ஈரக் கரண்டி போடாதீங்கன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் தலையால அடிச்சுக்கிறேன்.” அவள் எழுந்தாள். “பாதரசம் இருந்தது நெசம். அது என் கையால வரலன்னு நீங்கதான் காட்டணும். இல்லன்னா கிள்ளான்ல நான் தலை காட்ட முடியாது.”

* * *

காப்பாருக்குப் போகிற வழியெல்லாம் வெயில். காரின் ஏர்கான் இருமியது.

“பாஸ், உங்க ஏர்கானும் ரிட்டயர்மென்ட் கேக்குது,” என்றாள் நாஜியா.

“கேக்கட்டும். எனக்கே கெடைக்கல.”

செம்பனைத் தோட்டங்களைத் தாண்டி, மின்நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும் ஒரு தாமான் குடியிருப்பில் இருந்தது சபாபதியின் வீடு. ஐம்பதைத் தாண்டிய, பனை மரம் போன்ற ஆள். நல்ல கருப்பு, முகத்தில் மட்டும் கொஞ்சம் வெளிறல். நெற்றியில் பட்டையாக விபூதி. புஷ்பவல்லி அனுப்பிய ஆட்கள் என்று தெரிந்ததும் வாசலிலேயே குரல் உயர்ந்தது.

“அவளுக்கு வக்காலத்து வாங்க வந்தீங்களா? என் ஒரே பொண்ணு சார்! கல்யாணத்துக்கு நாள் குறிச்சாச்சு. பூ மாதிரி இருந்த புள்ள, இப்போ கண்ணு தொறக்க முடியாம வீங்கிக் கெடக்குது!” சொல்லும்போதே அவர் கண்ணில் நீர் வழிந்தது.

“வக்காலத்து இல்லண்ணே. நடந்தது என்னன்னு பாக்கத்தான் வந்தோம்.”

“என்ன பாக்கணும்? இந்தாங்க, இதுவும் அவகிட்ட வாங்குனதுதான். ஆபீசருங்க ஒண்ணைத்தான் எடுத்துட்டுப் போனாங்க. இதையும் டெஸ்ட் பண்ணிப் பாருங்க!” அவர் உள்ளே போய், பாதி காலியான ஒரு டப்பாவைக் கொண்டுவந்து இடது கையால் நீட்டினார்.

திருச்செல்வம் வாங்கிக்கொண்டார். ஏதோ ஒன்று உறுத்தியது. என்னவென்று பிடிபடவில்லை. களைத்த மூளை பழைய லோரி மாதிரி, ஏற்றத்தில் மெதுவாகத்தான் ஏறும். அதற்குள் சபாபதி கதவைச் சாத்திவிட்டார்.

காரில் ஏறியதும் நாஜியா டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தாள். அவள் முகம் சுருங்கியது.

“பாஸ், மஞ்சள் வாசனைக்கு அடியில மல்லிப்பூ சென்ட் வாசனை வருது. ராத்திரிச் சந்தை பாசார் மாலாம்ல விக்கிற க்ரீம் வாசனை. புஷ்பா ஆன்டி சென்ட் போடுறதா சொல்லலையே.”

திருச்செல்வமும் மோந்தார். பொடி கட்டி கட்டியாக இருந்தது. ஒரு கட்டியை டிஷ்யூவில் வைத்து நசுக்கினார். உள்ளே வெள்ளையாக, பிசுபிசுவென்று இருந்தது.

“க்ரீமைப் பொடியில போட்டுக் கையால பெசறியிருக்காங்க,” என்றார். “வீட்டுக்குள்ள இருக்குற ஆள்தான். வெளியாளுக்கு ரெண்டு டப்பாவையும் தொட வழி கிடையாது.”

“மாமியார்!” என்றாள் நாஜியா. “வரப்போற மாமியார். எனக்கு ஆள் யாருன்னு தெரியாது, ஆனா அவங்கதான். மாமியார்னா நான் விசாரணையே இல்லாம தீர்ப்பு எழுதிடுவேன்.”

“உன் வீட்டுச் சண்டைய என் கேஸ்ல கொண்டு வராதே. அந்த அம்மா இந்த வீட்டுல தங்குறதில்ல. தங்குறது மூணே பேர். வாணி, அவ அம்மா, அப்பா.” அவர் காரைக் கிளப்பினார். “ஆஸ்பத்திரிக்குப் போவோம். நகையைப் பாக்கணும்.”

“நகையா?”

“ஒரு தடவ வீட்டுல தெர்மாமீட்டர் ஒடஞ்சிருச்சு. என் வீட்டம்மா தாமரை, தரையில உருண்ட பாதரசத்தை வெறுங்கையால அள்ளிட்டா. தங்க மோதிரம் பட்ட எடத்துல வெள்ளி மாதிரி வெளுத்துப்போச்சு. ஒரு வாரம் என்னைத் திட்டுனா, ஏதோ நான்தான் அதைத் தொட்ட மாதிரி. பாதரசத்துக்குத் தங்கம்னா உயிர், ஒட்டுனா விடாது. இந்த க்ரீமை அள்ளிப் பெசறுன கையில தங்கம் இருந்தா, அது சும்மா இருந்திருக்காது.”

நாஜியா தன் கையிலிருந்த மோதிரத்தை அவசரமாகக் கழற்றிப் பைக்குள் போட்டாள். கைக்குட்டையால் விரல்களைத் துடைத்தாள். “முன்னாடியே சொல்லக்கூடாதா பாஸ்? கல்யாண மோதிரம் இது. வெளுத்திருந்தா நானும் மாமியார்கிட்ட விசாரணை இல்லாத தீர்ப்பு வாங்கியிருப்பேன்.”

* * *

கிள்ளானில் அரசாங்க ஆஸ்பத்திரி. பார்வையாளர் நேரம் தொடங்கியிருந்தது. வாணி சுவரோரக் கட்டிலில் சாய்ந்திருந்தாள். கையில் ட்ரிப் ஏறிக்கொண்டிருந்தது. கண்களைச் சுற்றி வீக்கம், கன்னங்கள் உப்பியிருந்தன. இந்த வயதுப் பெண் கல்யாணப் புடவைக்கு ப்ளவுஸ் தைக்கக் கொடுத்துவிட்டுத் தையல்காரியோடு சண்டை போட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

பக்கத்தில் அவள் அம்மா தனலெட்சுமி. கழுத்தில் தாலிச் சங்கிலி, இரண்டு கையிலும் வளையல், விரலில் மோதிரம். எல்லாம் நல்ல மஞ்சளாகப் பளபளத்தன. திருச்செல்வம் ஒன்று விடாமல் பார்த்துவிட்டு நாஜியாவைப் பார்த்தார். அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

“இந்த நகையெல்லாம் எப்பவும் போட்டிருப்பீங்களாம்மா?”

“தாலியும் வளையலும் கழட்டவே மாட்டேன் சார். ஏன்?”

“சும்மா கேட்டேன்.” அவர் வாணியிடம் திரும்பினார். “பொடியை எப்படிம்மா போடுவே?”

“தயிர்ல குழைச்சு, பிரஷ்ஷால, அங்கிள். நிச்சய மோதிரத்தைக் கழட்டி சாமி ரூம்ல வச்சிட்டுத்தான். இப்ப அது அம்மாவோட பர்ஸ்ல இருக்கு.” தனலெட்சுமி பர்ஸைத் திறந்து காட்டினாள். அந்த மோதிரமும் மஞ்சள்தான்.

“பொடி ஈரமா இருந்ததே, கவனிக்கலையா?”

“மழை சீசன்லா, அதான்னு நெனச்சேன். ஆனா அதுக்கப்புறம்தான் முகம் சீக்கிரமா வெளுக்க ஆரம்பிச்சுது. புஷ்பா ஆன்டி பொடி சூப்பர்னு ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொன்னேன். அங்கிள், நான் வெள்ளையாகணும்னு கேக்கவே இல்ல. நெத்தியில திட்டு இருந்துச்சு, அது போனா போதும்னுதான்... க்ரீமெல்லாம் பயம்னுதான் இயற்கையா இருக்கட்டும்னு அவங்ககிட்ட போனேன்.”

“மாப்பிள்ளை வீட்டுல யாராவது ஏதாவது சொன்னாங்களா?”

தனலெட்சுமி தயங்கினாள். “நிச்சயத்தப்போ மாப்பிள்ளையோட அம்மா சீதாலெட்சுமி, ‘பொண்ணு அப்படியே அப்பா கலரு’ன்னாங்க. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. நாங்களும் சிரிச்சிட்டு விட்டுட்டோம் சார்.”

நாஜியா வெற்றிப் புன்னகையோடு முதலாளியைப் பார்த்தாள். முதலாளியின் முகத்தில் புன்னகை இல்லை. பழைய லோரி ஏற்றத்தை ஏறி முடித்திருந்தது.

வராந்தாவுக்கு வந்ததும் அவர் சுவரில் சாய்ந்தார்.

“நாஜியா, உன் வீட்டுக்கு வர்றவங்களுக்கு ஒரு பொருளை எந்தக் கையால கொடுப்பே?”

“வலது கையால. இது என்ன கேள்வி பாஸ்? இடது கையால கொடுத்தா எங்கம்மா அந்தக் கையை ஒடிச்சிடும்.”

“நெத்தி நிறைய விபூதி பூசுன மனுசன், வாசலுக்கு வந்தவங்களுக்கு இடது கையால டப்பா நீட்டுறாரு. கோவத்துல மறந்துட்டாருன்னு நெனச்சேன். நாம இருந்த நேரம் பூரா அவரு வலது கை எங்க இருந்துச்சு?”

நாஜியா யோசித்தாள். “கால்சட்டைப் பையில.” பிறகு அவள் வாய் தானாகத் திறந்தது. “ஐயோ. அப்பாவா? பாஸ், சும்மா சொல்லாதீங்க. அந்த ஆளு அழுததைப் பாத்தீங்கல்ல?”

“பாத்தேன். அந்த அழுகை நெசம்தான். அதான் எனக்குக் கஷ்டமா இருக்கு.”

* * *

சபாபதி மனைவிக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு வருவார் என்று தனலெட்சுமி சொல்லியிருந்தாள். கார் நிறுத்தும் இடத்தில் காத்திருந்தார்கள். அவர் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, இடது கையில் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு, காலை இழுத்து இழுத்து நடந்து வந்தார். வலது கை பைக்குள்.

“இங்கயும் வந்துட்டீங்களா?” என்றார்.

திருச்செல்வம் வாதாடவில்லை. காரில் தாமரை வைத்திருந்த கோவில் விபூதிப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். “பொண்ணைப் பாத்தோம்ணே. மனசு கேக்கல. இந்தாங்க, பிள்ளையார் கோவில் விபூதி. அதுக்குப் பூசி விடுங்க.”

நாஜியா கீழே குனிந்துகொண்டாள். முதலாளியின் தந்திரம் அவளுக்குப் புரிந்துவிட்டது. சிரிக்கத் தோன்றவில்லை.

சபாபதி நின்றார். பாத்திரத்தைப் பார்த்தார், விபூதியைப் பார்த்தார். டப்பாவை இடது கையால் கொடுத்துவிடலாம். சாமி விபூதியை இடது கையால் வாங்க முடியுமா? பெண் சாகக் கிடக்கிற நேரத்தில்? அவருடைய வலது கை தயங்கித் தயங்கி வெளியே வந்தது. விரிந்த உள்ளங்கை நடுங்கியது, விபூதி சிந்தியது. மோதிர விரலில், வீங்கிய கணுவுக்குக் கீழே இறுகியிருந்த கனமான தங்க மோதிரம், உள்ளங்கைப் பக்கம் முழுவதும் ஈயம் பூசியதுபோல வெளுத்திருந்தது.

ஒரு ஆம்புலன்ஸ் உள்ளே வந்து நின்றது.

“கழட்ட முடியல சார்,” என்றார் சபாபதி மெல்ல. “சோப்பு போட்டும் பாத்தேன். எண்ணெய் போட்டும் பாத்தேன்.”

“உக்காருங்கண்ணே,” என்று கார்க் கதவைத் திறந்தார் திருச்செல்வம்.

அவர் உட்காரவில்லை, சரிந்தார். “சின்ன வயசுலேருந்து எனக்குப் பேரே கருப்பன்தான் சார். ஸ்கூல்ல, தோட்டத்துல, லோரி யார்டுல. எனக்கு அது பழகிப்போச்சு. ஆனா அந்தம்மா, ‘அப்பா கலரு’ன்னு என் புள்ளையைப் பாத்துச் சொன்னப்போ, வாணியும் சேந்து சிரிச்சுது பாருங்க, அந்தச் சிரிப்பு எனக்குத் தாங்கல. என்கிட்டேருந்து அதுக்குப் போனது இது ஒண்ணுதானான்னு இருந்துச்சு. பாசார் மாலாம்ல ஒருத்தன் க்ரீம் வித்தான். முழுக்க மூலிகைதான், ஒரு வாரத்துல வெளுக்கும்னான். வாணி க்ரீம் தொடாது. அதான் அது நம்புற பொடியிலயே கலந்து வச்சேன்.”

“விஷம்னு எப்போ தெரிஞ்சுது?”

“டாக்டர் பாதரசம்னு சொன்ன அன்னைக்குத்தான். அன்னைக்கே ஒத்துக்கிட்டிருக்கணும். வாய் வரல சார். என் புள்ள என்னை எப்படிப் பாக்கும்? புஷ்பவல்லி பேரு டப்பா மேலயே இருந்துச்சு, பழியைத் தூக்கி அங்க போட்டுட்டேன். ராத்திரியில படுத்தா அந்தப் பொம்பள முகம்தான் வருது.”

நாஜியாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “அங்கிள், பெத்த பொண்ணு மேல போய் இப்படி டெஸ்ட் பண்ணிப் பாக்கலாமா?”

“அது மேல இல்லம்மா!” அவர் நிமிர்ந்தார். “என்னன்னு தெரியாததை என் புள்ளைக்குக் கொடுப்பேனா? முதல்ல நான் போட்டேன். முகம், கழுத்து, கை, எல்லா எடத்துலயும். ஒண்ணும் ஆகல. கொஞ்சம் வெளுத்துச்சு, அவ்வளவுதான். யார்டுல கூட, ‘என்னா சபாபதி, மாப்பிள்ளை கணக்கா இருக்கே’ன்னாங்க. அதுக்கப்புறம்தான் அதுக்குக் கலந்தேன். நிறுத்தவும் தோணல, நானும் போட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்.”

திருச்செல்வம் அப்போதுதான் கீழே பார்த்தார். சபாபதியின் செருப்பு வார் புறங்காலில் புதைந்திருந்தது. கால் அவ்வளவு வீங்கியிருந்தது. அந்தக் கை நடுக்கம் பயத்தினால் வந்ததில்லை என்பதும் அவருக்கு அப்போதுதான் புரிந்தது. இத்தனை வருடத் தொழிலில் குற்றவாளியைப் பிடித்ததும் வருகிற சின்ன சந்தோஷம்கூட அன்று வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட வேண்டும் என்றுதான் இருந்தது.

“அண்ணே, இதை இலாகாவுலயும் சொல்லணும், புஷ்பவல்லிகிட்டயும் சொல்லணும். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?”

“முதல்ல என் புள்ளைகிட்ட. நானே சொல்றேன்.”

* * *

அவர் சொன்னார். கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தலையைத் தூக்காமல், எதையும் மறைக்காமல் சொன்னார். தனலெட்சுமி வாயைப் பொத்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். திருச்செல்வமும் நாஜியாவும் திரைக்கு அருகில் நின்றார்கள்.

“அந்த ஆன்டிகிட்ட சொல்லிட்டீங்களா?” என்று கேட்டாள் வாணி, முடிவில்.

“இன்னும் இல்லம்மா.”

“போனைக் கொடுங்க.”

கொடுத்தார். அவள் வாட்ஸாப்பில் அவர் கொலைகாரி என்று கத்தியிருந்த அதே குழுவைத் திறந்து அவரிடமே திருப்பிக் கொடுத்தாள். அவர் குரல் பதிவுப் பொத்தானை அழுத்தினார். கட்டைவிரல் நடுங்கி வழுக்கியது. மறுபடி அழுத்தினார், மறுபடி வழுக்கியது. வாணி ட்ரிப் குத்தியிருந்த கையை நீட்டிப் போனை வாங்கி, தானே பொத்தானை அழுத்திப் பிடித்து அவர் வாயருகே கொண்டுபோனாள்.

“பேசுங்க.”

“நான் காப்பார் சபாபதி பேசுறேன். புஷ்பவல்லியம்மா பொடியில ஒரு தப்பும் இல்ல. அதுல விஷத்தைக் கலந்தது நான். என் பொண்ணு வெளுக்கணும்னு நான்தான் கலந்தேன். அந்தம்மா என்னை மன்னிக்கணும்.”

வாணி விரலை எடுத்தாள். செய்தி போய்ச் சேர்ந்தது. அது கைமாறிக் கைமாறிப் போய், சில நிமிடங்களில் திருச்செல்வத்தின் போன் அடித்தது. புஷ்பவல்லி.

“கேட்டேன்ணே,” என்றாள். “அந்தப் புள்ளைக்குத் தெரியுமா?”

“தெரியும்மா. பக்கத்துலதான் இருக்கு.”

“பாவம்,” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

சபாபதி தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தார். வாணி அவருடைய கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போர்வையைத் தள்ளிவிட்டு, ட்ரிப் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினாள்.

“எங்கம்மா போறே?” என்று பதறினாள் தனலெட்சுமி.

“கீழ கவுன்டருக்கு. இவரையும் ரிஜிஸ்டர் பண்ணணும். ரத்தம் எடுக்கச் சொல்லணும்.” அவள் அப்பாவின் நடுங்கும் கையைப் பிடித்தாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். “பேசாதீங்க. எனக்கு உங்க மேல இருக்குற கோவம் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. அதையெல்லாம் கேக்குறதுக்கு நீங்க உசுரோட இருக்கணும். நடங்க.”

ட்ரிப் கம்பத்தின் சக்கரங்கள் கிறீச்சிட, இரண்டு பேரும் வீங்கிய கால்களோடு லிஃப்ட் பக்கம் நடந்தார்கள்.